உயிரில்லாத மெய்கள்

மும்பை ஃபோர்ட் பகுதியில் இருந்த ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில் 1979 முதல் 2010 வரை ஸ்டெனோவாக வேலை பார்த்தேன். மாட்டுங்காவில் இரண்டாம் மாடியில் நடந்த தட்டச்சுப் பயிலகத்தில் எனக்குச் சுருக்கெழுத்து சொல்லிக்கொடுத்த சார், வேகத்தைவிட ஒரு விதியைத்தான் பெரிதாக வலியுறுத்துவார்: "இன்னிக்கு எடுத்ததை இன்னிக்கே தட்டிடும்மா. நாளைக்கு அதைப் படிக்கப்போறவ வேற ஒருத்தி." சோம்பேறிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் புத்திமதி என்றுதான் பத்தொன்பது வயதில் அதை எடுத்துக்கொண்டேன். அது நினைவைப் பற்றிய பேச்சு என்பது எனக்குப் புரிந்தது 2005இல், ஒரு வெள்ளத்துக்குப் பிறகுதான்.

ஐசக் பிட்மன் 1837இல் வெளியிட்ட சுருக்கெழுத்து முறையைத்தான் நாங்கள் படித்தோம். அதில் எழுத்துக்கூட்டல் கிடையாது. காதில் விழும் ஒலியை எழுத வேண்டும். மெய்யொலிகளுக்குக் கோடுகள் உண்டு. ஒரே கோட்டை மெல்லியதாகப் போட்டால் ஓர் ஒலி, அழுத்திப் போட்டால் அதன் அதிர்வொலி இணை (ஆங்கிலத்தின் P மெல்லியது, B அழுத்தியது). உயிரொலிகளுக்குப் புள்ளிகளும் சிறு கீற்றுகளும் உண்டு என்றாலும், நிமிடத்துக்கு 120 சொற்கள் வரும்போது அவற்றை இட யாருக்கும் நேரமிருக்காது. ஆகவே, நோட்டின் அச்சுக்கோட்டுக்கு மேலே எழுதுவது, கோட்டின்மீது எழுதுவது, கோட்டை வெட்டி எழுதுவது என்று சொல் நிற்கும் இடத்தால் முதல் உயிரைக் குறிப்பாக உணர்த்திவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவோம். நோட்டில் தங்குவது மெய் மட்டும். உயிர் எழுதியவளின் தலையில் இருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் இவற்றுக்கு மெய், உயிர் என்று பெயரிட்டவர்கள் எங்கள் நோட்டுகளைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

தலையில் இருக்கும் அந்த உயிர் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை முதலில் அளந்து பார்த்தவர் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர். அவர் 1885இல் வெளியிட்ட ஆய்வில் சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவர்தான். இரண்டு மெய்களுக்கு நடுவே ஓர் உயிரை வைத்து, பொருளே இல்லாத அசைகளை உண்டாக்கி, அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, பிறகு மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். 20 நிமிடங்களுக்குப் பிறகு மிச்சம் சுமார் 58 விழுக்காடு. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 44. ஒரு நாளைக்குப் பிறகு 34. 31 நாட்களுக்குப் பிறகும் 21. கொட்டிப்போவதில் பெரும்பகுதி முதல் மணி நேரத்திலேயே கொட்டிவிடுகிறது, அதன்பின் சரிவு மெல்லத் தணிகிறது. அலுவலகக் கடிதம் பொருளற்ற அசை அல்ல என்பதால் எங்களுக்கு இழப்பு இவ்வளவு கடுமையாக இருந்திருக்காது (சில மேலாளர்களின் கடிதங்களைத் தவிர). ஆனாலும் சாரின் விதி எந்தச் சரிவை அஞ்சியது என்பது இந்த எண்களில் தெரிகிறது.

டிக்டேஷன் எடுக்கும்போது கை எப்போதும் பேச்சுக்குச் சில சொற்கள் பின்னால்தான் ஓடும். கேட்டதைப் பிடித்துவைத்துக்கொண்டே முந்தியதை எழுத வேண்டும். ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கக்கூடியவை ஏழு, ஒன்றிரண்டு கூடலாம் குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். பின்னால் வந்த நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். ஆனால் அந்த நான்கு என்பது நான்கு சொற்கள் அல்ல, நான்கு கட்டுகள். ‘வீ ஆர் இன் ரிசீட் ஆஃப் யுவர் லெட்டர்’ என்பது புதிதாக வந்த பெண்ணுக்கு ஏழு சொற்கள். எனக்கு அது கையை எடுக்காமல் போடும் ஒரு சுழிப்பு. என்னைக் கெட்டிக்காரி என்று சொன்னவர்கள் என் நினைவைப் பாராட்டினார்கள். உண்மையில் என்னிடம் இருந்தது பெரிய பாத்திரம் அல்ல, கட்டுக்கட்டாகக் கட்டிப் பழகிய கை.

2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை. மதியம் ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்து முடித்தேன். அன்று மும்பையின் வடக்கே உள்ள சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை கொட்டியது, ஃபோர்ட்டை ஒட்டிய கொலாபாவில் பெய்தது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் ஃபோர்ட்டில் இருந்த எங்களுக்கு, ரயில் நின்றுவிட்டது என்ற செய்தி வரும்வரை எதுவும் தோன்றவில்லை. நோட்டை மேசை இழுப்பறையில் வைத்தேன். மறுபடி அதைத் திறந்தது வெள்ளிக்கிழமைதான்.

மூன்று நாள் ஆறிப்போன குறிப்பை அதுவரை நான் தட்டியதில்லை. வாசிக்க முடியாமல் தடுமாறுவேன் என்றுதான் எதிர்பார்த்தேன். ஆனால் எங்கும் தடுமாறவே இல்லை. கணக்குத் துறையினர் ‘டிஃபர்’ செய்ய விரும்புகிறார்கள் என்று ஓரிடத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒத்திவைப்பதற்கும் மாறுபடுவதற்கும் உள்ள சொற்கள் இரண்டிலும் மெய்கள் அவையே, வரிசையும் அதுவே; தமிழெழுத்தில் எழுதினாலும் இரண்டும் ‘டிஃபர்’தான். எனக்குக் கணமும் ஐயம் எழவில்லை. கணக்குத் துறைத் தலைவரின் குரலே காதில் கேட்டது. மாறுபடுகிறார்கள் என்று தட்டி, எல்லோருக்கும் பிரதி அனுப்பிவிட்டேன். அவர் கேட்டிருந்தது இரண்டு வாரத் தவணை மட்டும். எதிர்த் துறைத் தலைவர் அதை வெளிப்படையான எதிர்ப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு யோசித்தேன். அதே கூட்டத்தில், வேறொரு பொருளின்மீது, அந்த இருவரும் குரலை உயர்த்திச் சண்டையிட்டிருந்தார்கள். மூன்று நாளில் என்னிடம் மிஞ்சியது அந்தச் சண்டையின் உருவம்தான், சொற்கள் போய்விட்டன. விடுபட்ட உயிரை அந்த உருவத்திலிருந்து எடுத்து நானே நிரப்பிக்கொண்டேன். கேம்பிரிட்ஜில் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் காட்டியதும் ஏறக்குறைய இதுவே. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, பிறகு திரும்பச் சொல்லச் சொன்னார். தோணி படகாயிற்று, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று, புரியாதவை உதிர்ந்தன. பழகிய உலகத்துக்குள் பொருந்தும்படி கதையைத் தாமே செப்பனிட்டுக்கொண்டு, கேட்டதையே சொல்வதாக அவர்கள் நினைத்தார்கள். மறதி என்றால் வெற்றிடம் என்று அதுவரை நினைத்திருந்தேன். வெற்றிடமாக இருந்தால் நாம் யாரிடமாவது கேட்டிருப்போம். என் மறதி நிரம்பிய இடமாக வந்தது, அதனால்தான் கேட்கவில்லை.

விரல்களின் நினைவு வேறு வகை. ஓய்வு பெற்ற பிறகு பேத்தி, "பாட்டி, டைப்ரைட்டர்ல ‘பி’ எங்க இருக்கும்?" என்று கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை, மடியில் விரல்களை ஓட்டிப் பார்த்துத்தான் சொன்னேன். 1953இல் வலிப்பு நோய்க்காக அமெரிக்காவில் மூளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலைசன், ஹிப்போகாம்பஸ் எனும் பகுதியின் பெரும்பங்கை இருபுறமும் இழந்தார். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் நிலைக்கவில்லை. ஆனால் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சியை உளவியலாளர் பிரெண்டா மில்னர் கொடுத்தபோது, அதை முன்பு செய்ததே நினைவில்லாமல், நாளுக்கு நாள் அவர் தேறிக்கொண்டே வந்தார். நிகழ்ச்சிக்கு ஓரிடம், பழக்கத்துக்கு வேறோர் இடம். என் விரல்கள் ஒருபோதும் கதை கட்டியதில்லை. அவற்றின் பிடிவாதம் வேறு மாதிரி. மும்பையின் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தின் பெயர் மாறி ஆண்டுகள் பலவாகியும் என் நாக்கு ‘வி.டி.’ என்றே சொல்வதைப் போல, பழையது புதியதை உள்ளே விடாது.

சென்ற ஆண்டு வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, 2005இல் வீட்டில் வைத்திருந்த வேறொரு நோட்டு கிடைத்தது. அதன் கடைசிப் பக்கத்தில் ஜூலை 27 அன்று எழுதிய என் சொந்தக் குறிப்பு ஒன்று இருந்தது. வெள்ளத்தன்று இரவே ஃபோர்ட்டிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே வந்தேன், தாதர் பக்கம் இருட்டில் யாரோ டார்ச் அடித்து வழிகாட்டினார்கள் என்று பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். குறிப்பிலோ, இரவு அலுவலகத்திலேயே இரண்டு நாற்காலிகளைச் சேர்த்துப் படுத்ததாகவும், காலையில் விடிந்த பின்னரே கிளம்பியதாகவும் என் கைப்பட இருக்கிறது. டார்ச் விளக்கு எதிர்வீட்டு மாமியின் கதையிலிருந்து வந்திருக்கலாம்; அவர் இரவில் நடந்தவர்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், அந்தச் செய்தியை எப்படிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் தம் மாணவர்களிடம் எழுதி வாங்கி, சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலரிடம் மறுபடி கேட்டார். பலருடைய பதில்கள் மாறியிருந்தன. மாறியதை அவர்கள் உறுதியாக நம்பினார்கள். தங்கள் பழைய கையெழுத்தைக் காட்டிய பின்னும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை. எனக்கும் அப்படித்தான். குறிப்பை நம்புகிறேன், ஆனால் கண்ணை மூடினால் தெரிவது டார்ச் வெளிச்சம்.

அந்தக் குறிப்பின் கடைசி வரியில், பரேல் பாலத்தருகே கிடைத்த உதவியைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறேன். ம், ல், க் என்ற மூன்று மெய்கள் தெளிவாக இருக்கின்றன. அது பாலைக் குறிக்கும் ‘மில்க்’காக இருக்கலாம், கடைக்காரரை அங்கே எல்லோரும் அழைக்கும் ‘மாலிக்’காகவும் இருக்கலாம். சொல் கோட்டுக்கு மேலே நிற்கிறதா, கோட்டை வெட்டி நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. ஈரம் பட்ட அந்தப் பக்கத்தில் அச்சுக்கோடுகள்தான் அழிந்துபோயிருக்கின்றன.