பிறந்த நாள் தெரிந்த ஊரில் கோட் எழுதுவது

பாதுகாப்பான கோட் எழுதுவது பற்றிய பயிற்சிகளில் தாக்க வருகிறவர் எப்போதும் எங்கோ தூர தேசத்தில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர். மட்டக்களப்பில் இருந்துகொண்டு கடனுதவிச் சங்கங்களுக்கும் டியூட்டரிகளுக்கும் தனியார் கிளினிக்குகளுக்கும் வெப் அப்ளிகேஷன் செய்துகொடுக்கும் எனக்கு அந்த ஆளைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அடுத்த வளவில் இருப்பவர். சங்கத்தில் தானும் உறுப்பினராக இருப்பவர். உங்கள் பிறந்த நாள், உங்கள் தாயின் ஊர், நீங்கள் படித்த பள்ளி எல்லாம் தெரிந்தவர். அவருக்கு ஹேக்கிங் தெரியாது. ஆனால் அறியும் ஆசை நிறைய உண்டு.

படுவான்கரைப் பக்கம் சிறுகடன் எடுத்த பெண்களின் விபரங்கள் ஓர் அப்ளிகேஷனில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எவ்வளவு எடுத்தார், எத்தனை தவணை நிலுவை, பிணையாளி யார் என்பதெல்லாம் ஒரு ஸ்க்ரீன்ஷொட்டாக வட்ஸ்அப்பில் போனால் போதும். கோயில் வீதியில் பேச்சாகி, மகளின் கலியாணப் பேச்சு வரை அது போகும். தொலைந்த காசைத் தேடித் தரலாம். இதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

எங்களோடு புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி எழுதிய கடன் விபரப் பக்கத்தை ரிவ்யூ செய்தபோது, பதிவைக் காட்டும் முன் அது கேட்பவருடையதுதானா என்று பார்க்கும் வரி இல்லாததைச் சுட்டிக்காட்டினேன்.

"அக்கா, லொகின் பண்ணி வாற ஆக்கள்தானே. மறுகா என்னத்துக்கு இன்னொரு செக்?"

பதில் சொல்லாமல் ஒரு டெஸ்ட் உறுப்பினராக லொகின் செய்தேன். யூஆர்எல்லின் கடைசியில் இருந்த 1043 என்பதை 1044 ஆக்கி என்டரைத் தட்டினேன். வேறோர் உறுப்பினரின் கடன், நிலுவை, பிணையாளிகளின் தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தம்பி கதிரையை இழுத்துக் கிட்ட வந்து, தானே 1045 என்று அடித்துப் பார்த்தார்.

இது அபூர்வமான பிழையல்ல. வெப் பாதுகாப்பில் ஊன்றிய ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலில், யார் எதைப் பார்க்கலாம் என்பதைக் காக்கத் தவறும் அணுகல் கட்டுப்பாட்டுத் தவறுகள் 2017இல் ஐந்தாம் இடத்தில் இருந்தன. 2021இல் முதலாம் இடத்துக்கு வந்தன. பயனர் நிரப்பும் இடத்தில் டேட்டாபேஸ் கட்டளையைப் புகுத்தும் எஸ்.கியூ.எல். இன்ஜெக்‌ஷனைத் தடுக்க ஒரு தெளிவான முறை இருக்கிறது: பயனர் தரும் மதிப்பைக் குவெரிக்குள் (டேட்டாபேஸிடம் கேட்கும் கட்டளைக்குள்) ஒட்டாமல் தனியே பராமீற்றராக அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பக்கத்துக்குள் ஸ்க்ரிப்ட் புகுத்தும் தாக்குதலையும் இன்றைய ஃப்ரேம்வொர்க்குகள் (அப்ளிகேஷன் கட்ட உதவும் தயார் கோட் தொகுப்புகள்) பெரும்பாலும் தாமே தடுக்கின்றன, பயனர் எழுதியதை வெறும் எழுத்தாகவே காட்டும் அவற்றின் எஸ்கேப்பிங்கை நாம் அணைத்து வைக்காதவரை. ஆனால் இந்தக் கடன் யாருடையது என்பது எந்த ஃப்ரேம்வொர்க்குக்கும் தெரியாது. அது எழுதுபவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

நான் வற்புறுத்துவது ஒரே வழியை: பதிவை எடுத்துவிட்டுப் பிறகு சோதிப்பதல்ல, எடுக்கும் குவெரியிலேயே கடன் இலக்கத்தோடு, லொகின் செய்தவரின் செஷனில் இருக்கும் உறுப்பினர் இலக்கத்தையும் சேர்த்துக் கேட்பது. பொருந்தாவிட்டால் பதிவே வராது. அப்போது 403 ('அனுமதி இல்லை') அல்ல, 404 ('அப்படி ஒன்று இல்லை') அனுப்ப வேண்டும். 'உனக்கு அனுமதி இல்லை' என்று சொன்னால், அங்கே ஏதோ இருக்கிறது என்று காட்டிக் கொடுத்ததாகிவிடும். இலக்கத்துக்குப் பதில் நீளமான தற்செயல் ஐடி போட்டால் போதாதா என்று கேட்பார்கள். நல்லதுதான், போடுங்கள். ஆனால் லிங்கைக் கொப்பி பண்ணி அனுப்பும் பழக்கம் உள்ள ஊரில் அதை மட்டும் நம்ப முடியாது.

அடுத்தது அடையாள அட்டை இலக்கம். உறுப்பினரின் முதல் கடவுச்சொல்லாக அதையே வைக்கும்படி கேட்காத வாடிக்கையாளர் குறைவு. எல்லோருக்கும் நினைவிருக்கும், விளக்கத் தேவையில்லை என்பார்கள். ஒன்பது இலக்கம் கொண்ட பழைய அடையாள எண்ணை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. ஆகவே 1988 மார்ச் 1இல் பிறந்த பெண்ணின் இலக்கம் 88561 என்றுதான் தொடங்கும். ஒன்பதில் ஐந்து, பிறந்த நாள் வாழ்த்துச் சொன்ன எவருக்கும் தெரியும். மிச்சம் நான்கு இலக்கம், பத்தாயிரம் சாத்தியங்கள். அவற்றிலும் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிடப்படும் சோதனை இலக்கம். பிழையான முயற்சிகளை எண்ணித் தடுக்காத லொகின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரிப்டுக்கு இது வேலையே அல்ல. ஸ்க்ரிப்ட் எழுதத் தெரியாதவருக்கும் கவலையில்லை. போட்டோகொப்பி எடுக்கும் கொமியுனிகேஷன் கடைகளில் அடையாள அட்டைப் பிரதிகள் எப்படிக் கிடக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த இலக்கம் ஆளை அடையாளம் காட்டும், ஆனால் அது இரகசியம் அல்ல. ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் தற்செயல் குறியீட்டை உறுப்பினர் கையில் கொடுத்து, முதல் லொகினிலேயே மாற்ற வைப்பதுதான் நாங்கள் விட்டுக்கொடுக்காத நிபந்தனை.

தமிழில் கடவுச்சொல் வைக்க விடுவீர்களா என்று ஒரு சங்கத்தார் கேட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கட்டாயம் விட வேண்டும். ஆனால் கவனம் வேண்டும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'கொக்கட்டிச்சோலை' கண்ணுக்கு எட்டு எழுத்து. புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் உள்ளே 15 குறியீடு, 45 பைட். அதோடு 'மட்டக்களப்பு' சேர்ந்தால் 81. கடவுச்சொல்லை ஹேஷ் செய்யும், அதாவது திருப்பி எடுக்க முடியாத குறியாக மாற்றும், பிகிரிப்ட் 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. பல கோட் நூலகங்கள் மிச்சத்தைச் சொல்லாமலே வெட்டிவிடும், கடைசி எழுத்தைப் பிழையாக அடித்தாலும் லொகின் ஆகும். அதே வேலையைச் செய்யும், இந்த எல்லை இல்லாத ஆர்கன்2 இங்கே பொருத்தம். இன்னொன்று, 'கொ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, ஹேஷ் மாறிவிடும். போனில் வைத்த கடவுச்சொல் அலுவலகக் கணினியில் வேலை செய்யவில்லை என்று ஓர் அம்மா வந்து நின்றால் பிழை அவருடையதல்ல. ஹேஷ் செய்யும் முன் யுனிகோட் நோர்மலைசேஷன் செய்து இரண்டையும் ஒரே வடிவாக்கிவிட்டால் தீர்ந்தது.

தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதைக் காட்டினால் நிர்வாகிகள் கொஞ்சம் காது கொடுப்பார்கள். ஆனாலும் சபைக் கூட்டங்களில் நான் சட்டத்திலிருந்து தொடங்குவதில்லை. 'உங்கள் வீட்டுக் கணக்கை ஊர் பார்க்கலாமா?' என்று கேட்டால் உடனே விளங்குகிறது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் எந்தப் பக்கத்தை முடித்தாலும் இரண்டு கணக்குகளில் காட்ட வேண்டும்: வவுணதீவு உறுப்பினர் ஒருவர், களுவாஞ்சிக்குடி உறுப்பினர் ஒருவர். ஒருவரின் லிங்கை மற்றவரின் செஷனில் திறக்க முயலும் தானியங்கி டெஸ்டும் கோட்டோடு சேர்ந்தே வர வேண்டும். டெஸ்ட் இல்லாமல் மேர்ஜ் இல்லை, அந்தக் கோட் பொதுக் கோட்டோடு சேராது.

இவ்வளவும் செய்தபின்னும் ஓர் ஆள் மிஞ்சுகிறார்: பார்க்க உரிமை உள்ள ஊழியர். வேலைக்காகத் திறப்பவரையும் வேடிக்கைக்காகத் திறப்பவரையும் கோட் பிரித்தறியாது. அதனால் யார், எந்தப் பதிவை, எப்போது திறந்தார் என்று பதிந்து வருகிறோம். அந்தப் பதிவேட்டை அழிக்கும் உரிமை அப்ளிகேஷனின் டேட்டாபேஸ் கணக்குக்கே கிடையாது. அதை நிர்வாகியிடம் மட்டும் கொடுத்து வைப்பது போதாது என்பது என் கருத்து. தன் கணக்கை யார் திறந்து பார்த்தார்கள் என்று உறுப்பினரே தன் போனில் பார்க்க வேண்டும். சில நிர்வாகிகளுக்கு இதில் விருப்பமில்லை, வீண் சண்டை வரும் என்கிறார்கள். அந்தப் பக்கத்தைத்தான் இந்த மாதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.