யார் கொடுத்த பணம்? ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு நாட்குறிப்பு

2024 பிப்ரவரி 15, வியாழன்

தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டு ஏலத்துக்குக் காத்திருந்தபோது செல்போனில் செய்தி வந்தது. ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமையாம். எனக்கு அங்கேயே யாரிடமாவது உரக்கச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்கான இந்தப் பத்திரம் 2018 முதல் புழக்கத்தில் இருந்தது. ஸ்டேட் பாங்கில் மட்டும்தான் கிடைக்கும். ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை. வாங்கியவர் பெயர் அதில் இருக்காது. கொடுத்தவருக்குத் தெரியும், வாங்கிய கட்சிக்கும் தெரிய வழி உண்டு, ஓட்டுப் போடுகிறவனுக்கு மட்டும் தெரியாது. அதற்கு முன் ஒரு கம்பெனி தன் மூன்று வருட சராசரி லாபத்தில் ஏழரை சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்க முடியாது. 2017-ல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நட்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றானது. அதுவும் இன்றோடு செல்லாது.

இது டெல்லி விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. எங்கள் ஊருக்குக் கிழக்கே குன்றை உடைக்கிறது ஒரு கல்குவாரி. மாரியம்மன் திருவிழாவுக்குப் பந்தல் அவர்கள் செலவு. ஆளுங்கட்சிக் கூட்டத்துக்கு வேன் விடுவதும் அவர்கள், எதிர்க்கட்சிக் கூட்டத்துக்கு வேன் விடுவதும் அவர்கள். வெடி வைத்துக் காலனி வீடுகளில் சுவர் விரிசல் விட்டபோது, இரண்டு கட்சிக்காரர்களும் வந்து பார்த்து "பேசிடலாம் விடுங்க" என்றார்கள். இன்றுவரை யாரும் பேசவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

காலையில் பால் ஊற்றிவிட்டு சொசைட்டி வாசலிலேயே உட்கார்ந்து பேசினோம். சொசைட்டி மாமா, மகளிர் குழு அக்கா, ஓசூர் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் பையன்கள் சிலர். எந்தக் கட்சியின் பெயரிலும் சேர வேண்டாம், எந்தக் கட்சியையும் திட்டவும் வேண்டாம். கணக்கைக் கேட்போம், அது போதும் என்று முடிவானது.

மார்ச் 15, வெள்ளி

நேற்று இரவு தேர்தல் ஆணையம் பத்திரப் பட்டியலை வெளியிட்டுவிட்டது. விவரம் கொடுக்க ஸ்டேட் பாங்கு ஜூன் 30 வரை அவகாசம் கேட்டிருந்தது. 11-ந் தேதி நீதிமன்றம் அதை மறுத்து, மறுநாளே கொடுக்கச் சொன்னது. பத்திரம் வாங்கியவர்கள் விவரம் 337 பக்கம், பணமாக்கிய கட்சிகள் விவரம் 426 பக்கம். பையன்கள் ராத்திரியெல்லாம் கூட்டிக் கழித்து, முக்கியமானதை மட்டும் இரண்டு தாளில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து வந்தார்கள்.

பத்திரம் வாங்கியவர்களில் முதல் இடத்தில் கோயம்புத்தூர் லாட்டரிக் கம்பெனி ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அடுத்து ஐதராபாத் மேகா இன்ஜினியரிங், 966 கோடி. பணம் பெற்ற கட்சிகளில் பாஜக 6,060 கோடி, திரிணாமுல் 1,609 கோடி, காங்கிரஸ் 1,421 கோடி. இது 2019 ஏப்ரலுக்குப் பிந்தைய கணக்குதான். அதற்கு முன் விற்றது இதில் இல்லை.

மகளிர் குழு அக்கா தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "குழுவுக்கு ரெண்டு லட்சம் லோன் வேணும்னா பத்து பேரோட ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ அத்தனையும் கேக்கறாங்க. இத்தனை கோடி கொடுத்தவங்க பேரு மட்டும் என்னாத்துக்கு ரகசியம்?" இதைவிடத் தெளிவாக யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. எங்கள் துண்டறிக்கையின் முதல் வரியாக இதையே போடப் போகிறோம்.

மார்ச் 18, திங்கள்

கட்சிகள் கொடுத்திருந்த விவரங்களையும் ஆணையம் நேற்று வெளியிட்டது. திமுக வாங்கியது 656.5 கோடி, அதில் 509 கோடி அதே லாட்டரிக் கம்பெனி கொடுத்தது. அதிமுக 6.05 கோடி. கம்யூனிஸ்ட் கட்சிகள் வாங்கவில்லை. இந்த வழக்கைப் போட்டவர்களில் மார்க்சிஸ்ட் கட்சியும் ஒன்று.

சொசைட்டி மாமா ஐம்பது வருடத் திமுககாரர். "எங்க கட்சியாவது யார்கிட்ட வாங்கினோம்னு பேரைச் சொல்லுச்சு" என்றார். அது உண்மை, சொல்லித்தான் ஆக வேண்டும். பெரிய கட்சிகள் பலவும் அதைக்கூடச் செய்யவில்லை. ஆனாலும் 509 கோடியை ஒரு வியாபாரி எதற்காகக் கொடுப்பார்? 2003-லேயே லாட்டரியைத் தடை செய்த மாநிலம் இது. சீட்டு வாங்கியே நிலத்தை விற்ற குடும்பங்களை மாமாவும் பார்த்திருக்கிறார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேள்வியில என் பேரையும் எழுதிக்கோ" என்றார்.

மார்ச் 24, ஞாயிறு

நாடாளுமன்றத் தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டதால் 22-ந் தேதி கிராம சபை நடக்கவில்லை. மைக் வைத்தால் அனுமதி வாங்க வேண்டும். அதனால் மைக் இல்லாமல் சாயங்காலம் பால் எடுக்கும் நேரத்தில் பேசினோம். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு, மேலத் தெருவில் கன்னடம். ஒரு பையன் எல்லாக் கணக்கையும் தெலுங்கில் சொன்னான். பாட்டிகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

அதிகம் பேசியது ஓசூர் போகிற பையன்கள்தான். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழி விடும் மசோதா நிறைவேறியதை அவர்கள் மறக்கவில்லை. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்த பிறகு மே 1 அன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அதே ஏப்ரல் 21 அன்றுதான் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்பு மசோதாவும் நிறைவேறியது. பெரிய திட்டத்துக்கு என்றால் ஏரி, ஓடை உள்ள நிலத்தையும் சேர்த்துக் கொடுக்க அது வழி செய்கிறது. சத்தம் போட்டது வாபஸ் ஆனது, சத்தம் போடாதது சட்டமானது. உத்தனப்பள்ளிப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து உட்கார்ந்திருக்கும் விவசாயிகளைப் பற்றியும் பேச்சு வந்தது. எங்களில் பலருக்கு அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் வேட்பாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினோம். உங்கள் செலவுக்கு யார் யார் பணம் கொடுத்தார்கள், இந்த மாவட்டத்தில் குவாரிக் குத்தகையோ ஆலையோ வைத்திருப்பவர்களிடம் வாங்கினீர்களா, ஜெயித்தால் வருடா வருடம் அதை ஊருக்கு எழுதித் தருவீர்களா என்று கேட்டிருக்கிறோம். வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவழிக்கக் கூடாது. கட்சி செலவுக்கு வரம்பே கிடையாது. அதனால் கட்சிக் காசையும் சேர்த்தே கேட்டோம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பிரச்சார வண்டிகள் வந்தன. கடிதத்தைக் கையில் கொடுத்தோம். ஒருவர் சிரித்துக்கொண்டே வாங்கி உதவியாளரிடம் தள்ளினார். இன்னொரு தரப்பின் உள்ளூர் பிரமுகர் என்னைத் தனியாக அழைத்து, "குவாரிக்காரரைப் பகைச்சுக்கிட்டா கோயில் வேலை நின்னுடும்" என்றார். சுயேச்சை ஒருவர் மட்டும் வெயிலில் நின்று முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

டிப்பர் ஓட்டும் என் தம்பிக்கு சாயங்காலம் போன் வந்தது. "உங்க அண்ணன்கிட்ட சொல்லி வை." நாங்கள் குவாரியை மூடு என்று கேட்கவே இல்லை, விதிப்படி நடத்து, கணக்கைக் காட்டு என்றுதான் கேட்கிறோம். டிப்பர் ஓட்டுகிற பையன்களின் சோற்றில் மண் போட எங்களில் யாருக்கும் மனசு வராது. தம்பி, "நீ பாட்டுக்குப் பண்ணுண்ணா" என்றான்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டாயிற்று. நேற்று இரவு சில தெருக்களில் கவர் வந்தது. மகளிர் குழுவில் சிலர் வாங்கவில்லை. இது எந்தக் குன்றை உடைத்த காசு என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்களாம்.

மே 21, செவ்வாய்

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி குவாரி பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தில் போட்ட மனுவுக்கு பதில் வந்தது. குத்தகை ஆணையும் வரைபடமும் கொடுத்துவிட்டார்கள். எவ்வளவு கல்லுக்கு எவ்வளவு கட்டணம் கட்டியிருக்கிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் "மூன்றாம் நபர் தகவல்" என்று மறுப்பு. அரசுக்குக் கட்டிய காசு எப்படி மூன்றாம் நபர் விஷயமாகும்? முதல் மேல்முறையீடு போடுகிறோம்.

வரைபடத்தை சொசைட்டி மேஜையில் விரித்துப் பார்த்தோம். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பது தமிழ்நாடு சிறுகனிம விதி. வரைபடத்தில் ஓடை இருக்கிறது, மண் ரோடு இருக்கிறது, தனியாக நிற்கும் புளியமரம்கூட இருக்கிறது. காலனி இல்லை. இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கிற, வரி கட்டுகிற, கரண்ட் இணைப்பு உள்ள வீடுகளை ஒரு கோடுகூட இல்லாமல் விட்டிருக்கிறார்கள். காலனியிலிருந்து வந்த பெரியவர் விரலை வைத்துத் தேடிக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கிராம சபை. இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. காலனிப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கட்சி விஷயமெல்லாம் இங்கே பேசக் கூடாது" என்று செயலர் ஆரம்பித்தார். சரி, கட்சி வேண்டாம் என்று ஊர் விஷயமாகவே வைத்தோம். குவாரிக்கும் காலனிக்கும் உள்ள தூரத்தை ஊர் மக்கள் முன்னிலையில் அளக்க வேண்டும். ஊராட்சி நிகழ்ச்சிக்கோ பள்ளிக்கோ குத்தகைதாரர் யாரும் பணம் கொடுத்தால், பெயரையும் தொகையையும் அலுவலகப் பலகையில் எழுத வேண்டும். குவாரிகள் கட்டும் பணத்தில் நடக்கும் மாவட்ட கனிம அறக்கட்டளையிலிருந்து எங்கள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும்.

பலகை விஷயத்தில்தான் பெரிய வாக்குவாதம். "நல்ல மனசோட கொடுக்கறவங்களை அவமானப்படுத்தலாமா?" என்று ஒருவர் எழுந்தார். காலனி அம்மா ஒருவர் உட்கார்ந்தபடியே, "நல்ல மனசோட கொடுத்தா பேரு போடறதுல என்னா அவமானம் சாமி?" என்றார். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. டிப்பர் ஓட்டும் பையன்களும் கை தூக்கினார்கள். என் தம்பியும் தூக்கினான். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, படித்துக் காட்டி, தலைவர் கையெழுத்துப் போடும்வரை யாரும் கலையவில்லை. பக்கத்தை போட்டோ எடுத்துக்கொண்டோம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் தீர்மான நகலோடு மனு கொடுத்தோம். ரசீது எண் வாங்கியாயிற்று. அளப்பதற்கு சர்வேயர் வருவார், தேதி கடிதமாக வரும் என்றார்கள். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் கூட நிற்பதாகக் காலனிக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பஸ்ஸில் வரும்போது பையன்கள் அடுத்த வேலையைப் பேசினார்கள். பத்திரம் போனாலும் தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகக் கம்பெனிப் பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் வாங்கிய நன்கொடையைக் கட்சிகள் வருடா வருடம் ஆணையத்துக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த அறிக்கை வந்ததும் எடுத்து, இந்த மாவட்டத்தில் தொழில் நடத்துகிற பெயர்களை மட்டும் பிரித்து, சொசைட்டி சுவரில் ஒட்டப் போகிறோம். ஜெராக்ஸ் செலவு மகளிர் குழுவுடையது.