எஸ் வராத நாட்கள்

2021 நவம்பர் 26
புதிய கொரோனா வகைக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஒமிக்ரான். தென்னாப்பிரிக்காவின் கௌடெங் பகுதியில் சந்தேகத்தைக் கிளப்பியதில் பிசிஆருக்கும் பங்கு உண்டாம்: பாசிட்டிவ் சாம்பிள்களில் எஸ் ஜீன் (வைரஸின் ஸ்பைக் புரதத்துக்கான மரபணு) மட்டும் காணாமல் போயிருக்கிறது. மூன்று ஜீன்களைத் தேடும் அதே டேக்பாத் கிட் எங்கள் ஆய்வக அலமாரியிலும் இருக்கிறது.

நவம்பர் 27
கிட்டின் காலாவதி தேதியைப் பார்த்தேன். மார்ச் வரை தாங்கும்.

நவம்பர் 30
புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "எஸ் வரலேன்னா டெஸ்ட் ஃபெயில்தானே அக்கா?" கேள்வி நியாயமானதுதான். டேக்பாத் கிட் ஓஆர்எஃப்1ஏபி, என், எஸ் என்று மூன்று இடங்களில் தேடும். ஸ்பைக் புரதத்தின் 69, 70வது அமினோ அமிலங்கள் விடுபட்டால், மரபணுவில் ஆறு எழுத்துகள் இல்லை என்று பொருள். எஸ் புரோப் (ஜீனில் ஒட்டி ஒளி காட்டும் துணுக்கு) உட்கார வேண்டிய இடமே அதுதான். புரோப் ஒட்டாது, ஒளி வராது. மற்ற இரண்டும் வழக்கம்போல ஏறும், ஆகவே நோயாளி பாசிட்டிவ்தான். போன குளிர்காலத்தில் இங்கிலாந்தில் ஆல்ஃபா வகையைத் துரத்தியதும் இதே ஓட்டையை வைத்துத்தான். டெல்டாவில் அந்த விடுபடல் இல்லை. இப்போது எங்கும் டெல்டா என்பதால்தான் ஒமிக்ரான் தனியாகத் தெரியும். இந்தக் கடைசி வரியை அவளிடம் இரண்டு முறை சொன்னேன்.

டிசம்பர் 4
எல்லாவற்றிலும் எஸ் வருகிறது. டெல்டாவைப் பார்த்து நிம்மதி அடையும் காலமும் வந்துவிட்டது.

டிசம்பர் 9
மதியம் ஒன்றில் எஸ் இல்லை. அறையில் ஒரே பரபரப்பு. பார்த்தால் சிடி, அதாவது ஒளி தெரிவதற்குள் ஓடிய சுற்றுகள், என் ஜீனுக்கு 34, ஓஆர்எஃபுக்கு 35. இவ்வளவு கொஞ்சமாக வைரஸ் இருந்தால் மூன்றில் எது வேண்டுமானாலும் விழும். சிடி ஏறத்தாழ 3.3 கூடினால் வைரஸ் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கு. 34 என்றால் அடிமட்டம். மற்ற இரண்டும் 30க்குக் கீழே இல்லாவிட்டால் எஸ் விழுந்ததாக எழுதக் கூடாது என்று சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறேன். அதற்குள் யாரோ மேலே போன் போட்டுவிட்டார்கள். மாலை முழுக்க "இல்லை சார், அப்படிச் சொல்ல முடியாது சார்" என்றே கழிந்தது.

டிசம்பர் 11
மைனஸ் 80 ஃப்ரீசர் மறுபடி கத்தியது. கதவு ரப்பர். சாம்பிள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிசம்பர் 16
என் ஜீன் 19. ஓஆர்எஃப் 20. எஸ் தரையோடு தரையாக. திரும்ப ஆர்என்ஏ எடுத்து, வேறு பிளேட்டில் ஓட்டினோம். அதேதான். இரண்டு கோடுகள் விறுவிறுவென்று மேலே போக, மூன்றாவது அசையவே இல்லை. வயிறு கலங்கியது, அழகாகவும் இருந்தது.
உலர் பனிக்கட்டி வைத்துப் பெட்டியைச் சீக்வென்சிங்குக்கு (மரபணு வரிசையைப் படிக்க) அனுப்பியாயிற்று.

டிசம்பர் 17
"ஒமிக்ரானா இல்லையா, ஒரே வார்த்தை சொல்லுங்க மேடம்."
"எஸ் இல்லை சார். சந்தேகம்னு போடலாம். உறுதின்னு வரிசை பார்த்துத்தான் சொல்லணும்."
"எப்ப வரும்?"
சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த நோயாளியைத் தனிமைப்படுத்தவும் கூட இருந்தவர்களைத் தேடவும் இன்றைய சந்தேகமே போதும். அதைச் சொன்னேன். கேட்டாரா தெரியாது.

டிசம்பர் 24
பெட்டியிடமிருந்து பதில் இல்லை.

டிசம்பர் 29
பிளேட்டில் பாதிக்கு மேல் எஸ் இல்லை. சீக்வென்சிங்கில் எங்களுக்கு இடம் விரல் விட்டு எண்ணும் அளவுதான். எதை அனுப்புவது என்று பெரிய வாக்குவாதம். எஸ் விழுந்ததை மட்டும் அனுப்பச் சொல்கிறார்கள். தெரிந்ததையே எத்தனை முறை உறுதி செய்வது? ஒமிக்ரானின் தங்கை பிஏ.2வில் அந்த 69-70 விடுபடல் இல்லை. அது வந்தால் எஸ் ஏறும், நாங்கள் டெல்டா என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போவோம். பாதி இடம் எஸ் வந்தவற்றுக்கு என்று பிடிவாதம் பிடித்தேன். மூன்றில் ஒன்று கிடைத்தது. சரி.

2022 ஜனவரி 3
முதல் பெட்டியின் முடிவு: பிஏ.1, அதாவது 69-70 விடுபட்ட ஒமிக்ரான். கேட்டவர் யாரும் இப்போது கேட்கவில்லை. அந்த நோயாளி குணமாகி வேலைக்கே திரும்பியிருப்பார்.

ஜனவரி 8
தூக்கம் இல்லை. கையுறை போட்டுப் போட்டு விரல் தோல் உரிகிறது.

ஜனவரி 20
எஸ் திரும்ப வருகிறது. கூட்டத்தில் ஒருவர் "டெல்டா மறுபடி தலைதூக்குது" என்று ஸ்லைடே போட்டுவிட்டார். எரிச்சலில் எழுந்து பேசினேன். எஸ் இருக்கிறது என்பதற்கு டெல்டா என்று பொருள் இல்லை. அந்தப் புரோப் பார்க்கும் இடத்தில் ஆறு எழுத்தும் இருக்கின்றன, அவ்வளவுதான். டெல்டாவின் ஸ்பைக்கில் எல்452ஆர் என்ற மாற்றம் உண்டு, பிஏ.1, பிஏ.2 இரண்டிலும் இல்லை. கே417என் என்ற மாற்றம் பொதுவாக ஒமிக்ரான் பக்கம். ஆக எஸ் வந்து, 452 நெகட்டிவ், 417 பாசிட்டிவ் என்றால் அது பெரும்பாலும் பிஏ.2வாகத்தான் இருக்கும். இருக்கும் மெஷினே போதும், இரண்டு புரோப் வாங்கினால் சரி. அதற்கான கோப்பு டிசம்பரிலேயே கொடுத்தாயிற்று. எந்த மேசையில் இருக்கிறதோ.

ஜனவரி 24
எஸ் வந்தவற்றில் அனுப்பியதில் ஒன்று: பிஏ.2. ஸ்லைடு போட்டவர் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

ஜனவரி 25
கோப்பு நகர்ந்தது!

பிப்ரவரி 9
புரோப் வந்துவிட்டது. 452 மட்டும், 417 பிறகாம். நாளைக் காலை ஃப்ரீசரில் இருக்கும் டெல்டா ஆர்என்ஏவைப் பாசிட்டிவ் கன்ட்ரோலாகவும், வரிசை தெரிந்த பிஏ.1, பிஏ.2 இரண்டையும் பக்கத்திலும் வைத்து ஓட்ட வேண்டும். தண்ணீர் கன்ட்ரோல் இரண்டு குழியில். 30க்கு மேல் சிடி உள்ளதைத் தொடவே வேண்டாம் என்று அந்தப் புதிய பெண்ணிடம் சொல்லிவிட்டேன்.