வீடு மாறும் மாதத்தில் சேர்வ்

ஒக்டோபர் 4, சனி
என் டென்னிஸ் சேர்வின் வீடியோவைப் பார்த்தேன். அது நானில்லை.

ஒக்டோபர் 5, ஞாயிறு
நான்தான். அதே சட்டை, அதே வழுக்கை. ஆனால் உள்ளே இருந்து உணரும் சேர்வ் வேறு, போனில் ஓடுவது வேறு. உள்ளே: முழங்கால் நன்றாக மடிகிறது, இடது கை நேராக மேலே போகிறது, ராக்கெட் முதுகுக்குப் பின்னால் ஆழமாக இறங்குகிறது. வெளியே: கூரையில் ஒட்டடை அடிக்கும் ஒரு ஆள். முழங்கால் மடியவேயில்லை. பந்து இடப்பக்கம் சாய்ந்து தலைக்கு மேலே வருகிறது. நான் அதைத் துரத்தி இடுப்பை ஒடித்து அடிக்கிறேன். இரவில் முதுகு ஏன் பிடிக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது.

மகள் சொன்னாள்: "அப்பா, எல்லாத்திலயும் ஒரே பிழைதான். ஒண்டைப் பார்த்தாக் காணும்." நான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அம்மா சமையலறை மேல்தட்டை இறக்கத் தொடங்கிவிட்டார். வீடே இன்னும் கிடைக்கவில்லை என்றால் காதில் விழுவதில்லை.

ஒக்டோபர் 6, திங்கள், போயா
லீவு நாள், காலையில் கோர்ட் காலி. போனை வேலியில் செருகாமல் ட்ரைபொடில், அடிக்கோட்டுக்குப் பின்னால், பந்து போகும் திசைக்கு நேராக, நெஞ்சுயரத்தில் வைத்தேன். கீழே வைத்தால் முழங்கால் மடிவது போலவே தெரிந்து ஆளை ஏமாற்றுகிறது.

சாதாரண வீடியோ வினாடிக்கு 30 ஃபிரேம். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் 33 மில்லி வினாடி. பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவதோ 4, 5 மில்லி வினாடிதான். அடிபடும் கணம் அதில் அகப்படாததற்கு அதுதான் காரணம்: ஒரு படத்தில் பந்து மேலே நிற்கிறது, அடுத்ததில் பந்தே இல்லை. 240-க்கு மாற்றிய பிறகு அகப்பட்டது. அடிபடும்போது என் கண் பந்தில் இல்லை. தலை அதற்கு முன்பே குனிந்து, பந்து எங்கே போய் விழப்போகிறது என்று தேடுகிறது. ஃபெடரரின் படம் எதையும் எடுத்துப் பாருங்கள். பந்து போன பிறகும் அந்த முகம் அடித்த இடத்திலேயே நிற்கும்.

பின்னேரம் வத்தளையில் வீடு பார்த்தோம். கீழ்மாடி. வெள்ளம் வந்து நின்ற கோடு புதுப் பெயின்டுக்கு மேலாலும் தெரிந்தது. நானும் பார்த்தேன், மனைவியும் பார்த்தாள். ஓட்டோவில் வரும்போது இரண்டு பேரும் திரைச்சீலை அளவு பற்றிக் கதைத்தோம்.

ஒக்டோபர் 7, செவ்வாய்
மூன்று மணிக்கு இடி, நாலு மணிக்கு மழை. களிமண் கோர்ட், இனி நாளைக்குத்தான்.

ஒக்டோபர் 8, புதன்
விளக்கு வெளிச்சத்தில் எடுத்தது எல்லாம் துடிக்கிறது. இங்கே மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சில விளக்குகள் வினாடிக்கு 100 தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, 240 ஃபிரேமுக்குத் தெரியும். போன் கெட்டுப்போய்விட்டது என்று அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினேன். இனிக் காலையில் மட்டும்தான்.

கோச்சுக்கு வீடியோவே பிடிக்கவில்லை. "மல்லி, போனைப் பார்த்து விளையாடினால் சிலை மாதிரி நிற்பாய்" என்கிறார். பாதி சரி. ஆனால் இத்தனை காலமாக "டொஸ், டொஸ்" (அடிப்பதற்குப் பந்தை மேலே எறிவது) என்று அவர் கத்தியது எனக்கு வெறும் சத்தமாகத்தான் கேட்டது. பந்து என் தலைக்கு இடப்பக்கம் ஒரு முழம் தள்ளி நிற்கும் படம் ஒன்று போதுமாக இருந்தது.

ஒக்டோபர் 11, சனி
டொஸ் மட்டும். ராக்கெட்டை நிலத்தில் வைத்துவிட்டேன். பந்தை உள்ளங்கையில் அல்ல, விரல் நுனிகளில். முழங்கை மடக்காமல், தோளிலிருந்து தூக்கிக் கண்ணுயரத்துக்கு மேல் விடவேண்டும். மணிக்கட்டு சுண்டினால் பந்து சுழலும், சுழன்றால் அது எங்கே போகுமென்று சொல்லமுடியாது. பக்கத்துக் கோர்ட் ஆள் சிரித்தார். சிரிக்கட்டும். பிழையாகப் போன டொஸ்ஸை அடிக்காமல் கையில் பிடித்துக்கொள்ள விதியே இடம் தருகிறது, ஃபோல்ட் (பிழையான சேர்வ்) கிடையாது. ஆனாலும் கிளப்பில் ஒருவரும் பிடிப்பதில்லை. எல்லோருக்கும் வெட்கம். கோணல் பந்தைத் துரத்தி நெட்டில் அடித்துவிட்டுக் காற்றைக் குறை சொல்கிறோம்.

ராக்கெட் இல்லாமல் டொஸ் நேராகப் போகிறது. ராக்கெட்டைக் கையில் எடுத்ததும் இடப்பக்கம். ஏன்?

ஒக்டோபர் 12, ஞாயிறு
ஏன்?

ஒக்டோபர் 14, செவ்வாய்
நித்திரை வரவில்லை. வீட்டுக்காரர் பேசிய தொனி. அட்வான்ஸில் பெயின்டுக்குக் கழிப்பாராம், குளியலறைத் தரைக்குக் கழிப்பாராம். கழித்துக் கழித்துக் கடைசியில் நான் அவருக்குக் கொடுக்க வேண்டி வருமோ தெரியாது. "நீங்கள் நல்ல மனுசர்தான், ஆனால்" என்று தொடங்கினார். அந்த ஆனாலுக்குப் பிறகு சொன்னது ஒன்றும் ஞாபகமில்லை. தளபாடம் இல்லாத அறையில் குரல் எதிரொலித்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மனைவியிடம் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு எழும்பி டென்னிஸ் வீராங்கனை சபலென்காவின் பழைய ஆட்டங்களைப் பார்த்தேன். 2022-ல் 400-க்கும் மேல் டபுள் ஃபோல்ட், அதாவது இரண்டு சேர்வும் பிழைத்துப் புள்ளி போவது. சில ஆட்டங்களில் கீழ்க்கையால் சேர்வ் போட்டார், அழுதார். அந்த வருடமே உடலசைவு நிபுணர் ஒருவரோடு உட்கார்ந்து சேர்வைக் கழற்றிப் பூட்டினார். 2023 ஜனவரியில் அவுஸ்திரேலிய ஓபன் பட்டம். அவருக்கு நிபுணர். எனக்குப் பன்னிரண்டு வயது மகளும் ஒரு ட்ரைபொடும்.

ஒக்டோபர் 16, வியாழன்
யாழ்ப்பாணத்திலிருந்து மாமா போன் எடுத்தார். வீடு பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், அம்மா எல்லாவற்றையும் உளறியிருக்கிறார். "தம்பி, ரமேஷ் கிருஷ்ணனுக்கு என்ன பெரிய சேர்வா இருந்தது? 86-ல விம்பிள்டன் காலிறுதி. 89-ல அவுஸ்திரேலியாவில விலாண்டரை அடிச்சவன், விலாண்டர் அப்ப நம்பர் வன்!" சரி மாமா. ஆனால் ரமேஷ் கிருஷ்ணனுக்கு மற்ற எல்லாம் இருந்தது.

ஒக்டோபர் 18, சனி
கண்டுபிடித்துவிட்டேன்.

இத்தனை நாளும் பின்னாலிருந்தே எடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வலப்பக்கத்திலிருந்து, நெஞ்சு பார்க்கும் பக்கமாக. அடிபடும் ஃபிரேமிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தள்ளினேன். ராக்கெட் பின்னால் இறங்கவேண்டிய இடத்தில் அதன் முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் பின்னால் போனேன். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே வலது கை கைப்பிடியில் மெல்லத் திரும்பிவிடுகிறது. கைப்பிடிக்கு எட்டுப் பட்டை. சுட்டுவிரலின் அடிமூட்டு இரண்டாவதில் இருந்தால் கொன்டினென்டல் பிடி, சேர்வுக்கு அதுதான். என்னுடையது மூன்றாவதுக்கு வழுக்கி ஃபோர்ஹேண்ட் பிடியாகிறது. அந்தப் பிடியில் கடைசி நேரத்தில் மேற்கையையும் முன்கையையும் உட்பக்கமாகச் சுழற்ற இடமில்லை, தள்ளத்தான் முடியும். தள்ளுவதற்கு வசதியான இடம் தலைக்கு மேலே. அதனால் இடது கை பந்தை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்கிறது. டொஸ் பாவம். கோணலாகப் போனது இடது கை, குழப்பியது வலது கை.

மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். புத்தகப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். "இந்த முனையைப் பிடியுங்கோ" என்றாள்.

ஒக்டோபர் 20, திங்கள், தீபாவளி
பெட்டிகளுக்கு நடுவே விளக்கு. மயூரபதி அம்மன் கோவிலுக்கு அம்மா நடந்தே போய் வந்தார். வத்தளையிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் என்று மகளிடம் கேட்டார், என்னிடமில்லை. பஸ்ஸில் என்றால் நெரிசலைப் பொறுத்தது என்று மகள் சொன்னாள். பிறகு அம்மா முறுக்கை எண்ணத் தொடங்கினார்.

வெள்ளக்கோட்டு வீட்டுக்கே ஓம் சொல்லிவிட்டோம்.

ஒக்டோபர் 22, புதன்
பிடியை மாற்றியதும் சேர்வ் முழுக்கச் செத்துவிட்டது. எல்லாப் பந்தும் இடப்பக்கம் வெட்டிக்கொண்டு அடுத்த கோர்ட்டுக்குப் போகிறது. பிடி சரி, கை இன்னும் சுழலவில்லை, அதனால் ராக்கெட்டின் விளிம்பு முந்திக்கொண்டு பந்தைச் சீவுகிறது. முன்பெல்லாம் உள்ளே விழுந்தது. அசிங்கமாக விழுந்தாலும் விழுந்தது. கோச் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எரிச்சல்.

ஒக்டோபர் 23, வியாழன்
மழை. அட்வான்ஸ் பற்றி அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஒக்டோபர் 25, சனி
நெட்டுக்குக் கிட்டப் போய், சேர்வ் கோட்டில் நின்று அடித்தேன். அங்கிருந்து நெட் 6.40 மீட்டர்தான், பலமே தேவையில்லை. பாதி வேகத்தில், கையைச் சுழற்றுவது ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு. அடித்து முடித்ததும் உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கவேண்டும். சிலது பார்த்தது. ஒன்றில் வந்த சத்தம்! மகள் போனிலிருந்து தலையை எடுத்து "அது என்ன?" என்றாள். அந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். பந்து நேர் மேலே, கொஞ்சம் வலப்பக்கம். நான் டொஸ்ஸைப் பற்றி நினைக்கவேயில்லை.

அடிக்கோட்டுக்குத் திரும்பினேன். பழையபடி.

ஒக்டோபர் 28, செவ்வாய்
லொறி வெள்ளிக்கிழமை. வத்தளையிலிருந்து இந்தக் கோர்ட்டுக்குக் காலையில் வருவது நடக்கிற காரியமா என்று அவள் கேட்டாள். ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் நடக்கும் என்றேன். "சரி" என்ற விதம் சரியாக இல்லை.

சனிக்கிழமை வீடியோவில் இன்னொன்று கண்ணில் பட்டது. பந்தை விட்டதுமே இடது கை சட்டென்று கீழே விழுகிறது, தோளும் கூடவே விழுகிறது. தலை குனிவது அதனாலாக இருக்கலாம். நாளைக்கு ஆறு மணிக்குக் கோர்ட் கேட்டு மெசேஜ் போட்டிருக்கிறேன். ட்ரைபொடை அம்மா எந்தப் பெட்டிக்குள் வைத்தார் என்று கேட்கவேண்டும்.