ஒற்று விட்டுப்போனால் வேறு முகவரி

ஒவ்வொரு மார்ச்சிலும் நீள நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவேன். மளிகைக் கடையில் பற்று எழுதுவார்களே, அந்த மாதிரி நோட்டு. இடது ஓரத்தில் டொமைன் பெயர், அதாவது இணையதளத்தின் முகவரி, நடுவில் வாங்கிய தேதி, வலது பக்கம் ஆண்டுக்கு ஆண்டு கட்டிய புதுப்பிப்புக் கட்டணம். விற்றவை பச்சை மையில், கைவிட்டவை சிவப்பு மையில். இந்த ஆண்டு மிச்சம் இருப்பவை 31 பெயர்கள். ஒரு காலத்தில் 140 வரை போனது. தமிழில் டொமைன் வாங்கிவைத்தால் பின்னாளில் விலை போகுமா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2005இல் மேற்கு மாம்பலத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு கம்ப்யூட்டர்கள், மணிக்கு 20 ரூபாய். அந்த பிப்ரவரியில்தான் இந்தியாவுக்கான முகவரி முடிவான டாட் இன் பொதுமக்களுக்குத் திறந்தது. அதுவரை அதை வாங்க ஆயிரம் நிபந்தனைகள்; வாங்கியவர்களும் குறைவு. நிக்ஸி என்று சொல்லப்படும் நேஷனல் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் பொறுப்பேற்ற பிறகு, பணம் கட்டினால் யாரும் எடுக்கலாம் என்று ஆனது. அன்று இரவு ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயே உட்கார்ந்து நான்கு பெயர்கள் எடுத்தேன். அதில் ஒன்று, நான்கு எழுத்துச் சாதாரண ஆங்கிலச் சொல், 2011இல் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு 45,000 ரூபாய்க்குப் போனது. அந்த ஒரு பச்சைக் கோடுதான் மற்ற நூறையும் வாங்கவைத்தது.

டாட் இன் மாதிரி முகவரியின் கடைசியில் வரும் நாட்டுக் குறியீடு என்பது இரண்டு எழுத்து. ஐஎஸ்ஓ 3166 என்ற நாட்டுச் சுருக்கெழுத்துப் பட்டியலில் ஒரு நாட்டுக்கு எந்த எழுத்துகள் விழுகின்றனவோ, பெரும்பாலும் அவைதான் அதற்கு இணையத்திலும். யாரும் திட்டம் போட்டு வாங்கியதல்ல. துவாலுவுக்கு டாட் டிவி விழுந்தது. பதினோராயிரம் பேர் வாழும் தீவு நாடு. அந்த எழுத்துகளைக் குத்தகைக்கு விட்ட பணம் வந்ததால்தான் 2000இல் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராகச் சேர அதற்கு வசதி வந்தது. அங்குவிலாவுக்கு டாட் ஏஐ. செயற்கை நுண்ணறிவு அலை அடித்த 2023இல் அந்தத் தீவின் அரசு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு டொமைன் விற்ற காசு. இதைப் படிக்கும்போது யாருக்கும் கை துறுதுறுக்கும்.

ஆனால் அந்த இரண்டு எழுத்துகள் நமக்குச் சொந்தமில்லை. யுகோஸ்லாவியா சிதறிய பின் டாட் ஒய்யூ 2010இல் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது. கணினித் துறையினர் விரும்பி வாங்கும் டாட் ஐஓ, சாகோஸ் தீவுகளின் குறியீடு. அந்தத் தீவுகளை மொரீஷியசிடம் ஒப்படைப்பதற்கு 2025 மே மாதம் பிரிட்டன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதிலிருந்து, அந்தப் பெயர்களை வைத்திருப்பவர்கள் செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். புதுப்பிப்புக் கட்டணத்தை அந்தந்த நாட்டுப் பதிவகம் உயர்த்தினாலும் நாம் கட்டத்தான் வேண்டும். பத்திரம் இல்லாத மனை மாதிரி என்று ஒருமுறை அக்காவிடம் சொன்னேன். "அப்போ எதுக்குடா வாங்குற?" என்றாள். நியாயமான கேள்வி. தீவுக் குறியீடுகளில் நான் வாங்கியிருந்த பெயர்களை எல்லாம் 2016க்குள் விட்டுவிட்டேன்.

நான் விடாமல் பிடித்திருப்பது தமிழ் எழுத்துப் பெயர்களை.

2007 அக்டோபரில், உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு, பல மொழிகளில் பதினொரு சோதனை முகவரிகளை இணையத்தில் ஏற்றியது. அதில் தமிழும் ஒன்று. உதாரணம்.பரிட்சை என்று அடித்தேன், பக்கம் திறந்தது. பரீட்சை என்று நெடில் போட்டிருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். தமிழ்நெட் 99 மாநாடு சென்னையில் நடந்தபோது விசைப்பலகைக்காக எத்தனை வாதம் நடந்தது என்று கேட்டு வளர்ந்தவன் நான். முகவரிப் பெட்டியில் ஓர் ஆங்கில எழுத்துகூட இல்லாமல் தமிழ் நின்றதைப் பார்த்ததும் பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். 2010இல் இலங்கைக்கு .இலங்கை கிடைத்தது. 2011இல் .சிங்கப்பூர். அதே ஆண்டில் இந்தியாவுக்கு ஏழு எழுத்து வடிவங்களில் கிடைத்தபோது .இந்தியா அதில் இருந்தது. மூன்று நாடுகளின் பெயர் தமிழ் எழுத்தில் இணையத்தின் வேரில் இருக்கிறது என்பது எனக்கு இன்றும் பெருமைதான்.

சரி, பெருமை ஒருபுறம். வாங்கிப் பார்த்த பிறகுதான் தமிழின் சிக்கல்கள் புரிந்தன.

முதல் சிக்கல் ஒற்று. டொமைனில் இடைவெளி கிடையாது. இரண்டு சொற்களை ஒட்டித்தான் எழுத வேண்டும். ஒட்டினால் சந்தி வரும். புடவைக்கடை என்று எழுதுவதா, புடவைகடை என்றா? திருமணத்தகவலா, திருமணதகவலா? இலக்கணப்படி எது சரி என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேடி வருபவரின் விரல் ஒற்றைப் போடுமா என்பது தெரியாதே. சமையல்குறிப்பு என்று எழுதுவார்கள். புலவர் ஒருவர் சமையற்குறிப்பு என்பார். கணினிக்கு இவை அண்டை வீடுகள்கூட இல்லை, வேறு வேறு ஊர். இரண்டையும் வாங்கினால் ஆண்டுதோறும் இரண்டு கட்டணம். எண்ணெய் என்ற சொல்லையே பாதிப் பேர் எண்ணை என்றுதான் எழுதுகிறார்கள்.

அப்போது ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். தாம்பரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, பெயரை ஒரே ஒரு முறை வாயால் சொல்வேன். "அடிச்சு எனக்கு அனுப்பு" என்பேன். வாட்ஸ்அப்பில் அவள் அனுப்புவது நான் வாங்க நினைத்த எழுத்துகளோடு அச்சாகப் பொருந்தினால் மட்டும் வாங்குவேன். கூட்டுச்சொற்களில் பெரும்பாலானவை அங்கேயே விழுந்துவிட்டன. வரன், மளிகை, ஜாதகம் மாதிரி ஒற்றைச் சொற்கள் தேறின. என் நோட்டின் சிவப்புக் கோடுகளில் முக்கால்வாசி இந்தச் சோதனைக்கு முன்னால் வாங்கியவை.

இரண்டாவது சிக்கலை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கோடம்பாக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணாச்சி. கடைப் பெயர் ஸ்ரீயில் தொடங்கும். பலகையில் தமிழ் பெரிதாக இருக்கிறது, முகவரி மட்டும் ஏன் ஆங்கிலத்தில் என்று கேட்டவரே அவர்தான். தமிழ்ப் பெயருக்குப் பின்னால் டாட் காம் சேர்த்துப் பதிந்து கொடுத்தேன். என் லேப்டாப்பில் திறந்தது. அவர் பையன் போனுக்கு லிங்க் அனுப்பினேன், திறந்தது. மறுநாள் அவர் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, நீங்க அனுப்புனத அமுக்குனா வருது. நானே அடிச்சா வரமாட்டேங்குதே?"

கடைக்குப் போய் அவர் அடித்ததைப் பார்த்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. என் திரையிலும் அவர் திரையிலும் அதே பெயர், அதே ஸ்ரீ. ஒரு மணி நேரம் கழித்துத்தான் பொறி தட்டியது. டொமைன் அமைப்புக்கு உள்ளே தெரிந்ததெல்லாம் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும். நாம் தமிழில் அடிப்பதை பிரவுசர் ப்யூனிகோட் என்ற முறையில் எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் அனுப்பும். இரண்டு போன்களிலும் அந்தக் கோவையை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் வேறு.

எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ஸ்ரீயை இரண்டு விதமாகக் கட்டலாம். ஸ வைத்து, புள்ளி, ர, ஈகாரக் குறி. அல்லது 2005இல் சேர்க்கப்பட்ட ஶ என்ற கிரந்த எழுத்தை வைத்து அதே வரிசை. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில்தான் காட்டும். நான் பதிந்தது ஶ வைத்தது. அவர் போன் அடித்தது ஸ வைத்தது. ஔவை என்று எழுத ஔ போடுபவர் ஒருவர், ஒவும் ளவும் சேர்த்துப் போடுபவர் இன்னொருவர். அதுவும் இதே கதைதான். சென்னையில் எத்தனை ஸ்ரீ கடைகள் என்று எண்ணிப் பாருங்கள். பாண்டி பஜாரில் ஒரு பக்கம் நடந்து வந்தாலே போதும்.

ஸ வைத்த பெயரை அன்றே என் காசில் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் அண்ணாச்சி அடுத்த குறையையும் சொன்னார்: பெயரைத் தமிழில் அடித்துவிட்டு டாட் காமுக்காக விசைப்பலகையை மாற்றுவது தொல்லையாக இருக்கிறதாம். உண்மைதான். டாட் காமுக்குப் பதில் கடைசியில் .இந்தியா என்று தமிழிலேயே இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. அதற்கு மாறினோம். ஸ்ரீயையும் விட்டுவிட்டு, ஊரார் கடையைக் கூப்பிடும் பெயரையே வைத்தோம். அக்கா சோதனையில் முதல் முறையிலேயே தேறியது.

பதிவை அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில்தான் போட்டேன். இதில் நான் பிடிவாதக்காரன். முன்பு ஒரு வெப் டிசைனர், வாடிக்கையாளரான டெய்லர் ஒருவரின் டொமைனைத் தன் பெயரில் பதிந்துவைத்துக்கொண்டு, பத்து மடங்கு பணம் கேட்டு அலையவிட்டதை நேரில் பார்த்திருக்கிறேன். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையில்தான் சாவி.

பெரிய கடையின் பெயரை முந்தி எடுத்து அவர்களிடமே விற்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. அது முதலீடே இல்லை, அடுத்தவர் உழைப்பை மடக்கிவைப்பது. சட்டமும் விடாது. தரமணியில் அலுவலகம் வைத்திருக்கும் இணைய நிறுவனமான சிஃபியின் வழக்கில்தான், 2004 மே மாதம், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்புறம் இன்னொன்று. டாட் காமில் தகராறு வந்தால், பதிந்ததும் தீய நோக்கத்தோடு, பயன்படுத்துவதும் தீய நோக்கத்தோடு என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். டாட் இன்னுக்கான விதிகளில் இரண்டில் ஒன்று போதும். ஆகவே அகராதியில் இருக்கும் சொற்களை மட்டும் வாங்குங்கள்.

விலை போகுமா என்ற கேள்விக்கு என் நோட்டு சொல்லும் பதில்: தமிழ்ப் பெயர்களில் இதுவரை நான் விற்றவை மூன்று. மூன்றுமே, முதலில் நானே அதில் ஒரு பக்கம் போட்டு, ஆட்கள் வந்துபோக ஆரம்பித்த பிறகு விற்றவை. சும்மா வைத்திருந்த பெயருக்கு ஒருவரும் விலை கேட்கவில்லை. தமிழ் முகவரியைக் காட்டினால், இப்படியும் வைக்கலாமா என்று இன்றும் வியப்பவர்கள்தான் அதிகம். சில செயலிகளில் ஒட்டினால் அது எக்ஸ்என் கோவையாக உருமாறித் தெரிகிறது. அதைப் பார்த்து வைரஸ் லிங்க் என்று பயந்து அழித்தவர்களும் உண்டு. தமிழ் மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை. இதெல்லாம் சரியாக வேண்டும். அதற்காகத்தான் 31 பெயர்களுக்கும் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறேன். அவற்றில் பன்னிரண்டில் பக்கம் இருக்கிறது, மிச்சத்துக்கு இந்த ஆண்டு போட வேண்டும்.

போன வாரம் அண்ணாச்சி கடைக்குப் போயிருந்தேன். புது மஞ்சப்பை அடித்திருக்கிறார். மேலே கடைப் பெயர், நடுவில் செக்குப் படம், கீழே முகவரி முழுக்கத் தமிழில். நல்லெண்ணெய் வாங்க வந்த ஒரு பாட்டி பையைத் திருப்பிப் பிடித்து அந்த முகவரியை வாய்விட்டுப் படித்தார், கடைசிப் புள்ளி வரைக்கும். "புள்ளி இந்தியா" என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அன்று மாலையே அவர் கட்டணத்தை ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டார்.