ஹைடெக் லேபில் படம் போடுவதற்கு முன்

குழந்தைகளுக்குப் படம் எடுக்கவென்றே ஒன்றிய அரசு 1955-இல் சில்ட்ரன்ஸ் ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கியது. 2022-இல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) சேர்த்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் எடுத்த படங்கள் ஏராளம். நம் ஊர்ப் பிள்ளைகளின் கண்ணில் பட்டவைதான் சொற்பம். டென்மார்க்கில் 1982 முதல் அரசின் திரைப்பட நிதியில் 25 விழுக்காடு சிறார், இளையோர் படங்களுக்கென்று சட்டமே உண்டு. பள்ளி நேரத்தில் பிள்ளைகளைத் தியேட்டருக்குக் கூட்டிப்போகும் ஏற்பாடும் உண்டு. தமிழ்நாட்டில் 2022-இல்தான் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை மாதம் ஒரு படம் காட்டும் திட்டம் வந்தது. நல்ல திட்டம். அது சொதப்புவதெல்லாம் படம் போடும் ஹைடெக் லேபுக்குள், அதாவது பள்ளியின் கணினி அறைக்குள்தான்.

முதல் எதிரி வென்டிலேட்டர். ஜன்னலைச் சாத்துவார்கள், மேலே இருப்பதை மறந்துவிடுவார்கள். மதியம் இரண்டு மணி வெயில் நேரே திரையில் விழுந்தால் இருட்டுக் காட்சி ஒன்றுமே தெரியாது. கறுப்பு சார்ட்டில் ஓட்டை போட்டுக் கம்பியோடு சணலால் கட்டுங்கள். சுண்ணாம்புச் சுவரில் டேப் நிற்காது. மேற்குப் பார்த்த அறை என்றால் காலையிலேயே போட்டுவிடுவது மேல்.

அடுத்தது சத்தம். புரொஜெக்டரோடு இணைக்கும் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் லேப்டாப் ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். லேப்டாப்பிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆக்ஸ் கேபிள் (ஒலிக் கேபிள்) மாட்டியிருந்தும் ஊமைப்படம் ஓடுவது இதனால்தான். லேப்டாப்பின் சவுண்ட் செட்டிங்கில் அவுட்புட்டை லேப்டாப் ஸ்பீக்கருக்கு மாற்றினால் தீர்ந்தது. புரொஜெக்டரின் சொந்த ஸ்பீக்கரை நம்ப வேண்டாம். இரண்டு ஃபேன் சுற்றினால் அதன் குரல் முன்வரிசையைத் தாண்டாது.

படத்தை முந்தின நாளே பென்டிரைவில் ஏற்றிவிடுங்கள். எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. தமிழ் சப்டைட்டில் கோப்புக்குப் படத்தின் பெயரையே வைத்து, யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். பிள்ளைகள் தரையில் உட்கார்வதால் திரையின் அடி விளிம்பு நாலடி உயரத்துக்குக் குறையக் கூடாது. முன்னால் இருப்பவர் தலை முதலில் மறைப்பது சப்டைட்டிலைத்தான்.

ஆறாம் வகுப்புக்கு வாசிக்கும் வேகம் போதாது. அதற்காக டீச்சர் உரக்கப் படித்துக்கொண்டே இருந்தால் படம் செத்துவிடும். முன்கூட்டியே பாத்திரங்களின் பெயர், யார் யாருக்கு என்ன உறவு, இவ்வளவு சொன்னால் போதும். மிச்சத்தை முகங்கள் சொல்லிவிடும்.

90 நிமிடப் படத்துக்கு 40 நிமிடப் பீரியட் இரண்டு பத்தாது. கடைசி இரண்டு பீரியடில் வைத்தால் பஸ் பிடிக்கும் பிள்ளைகள் கிளைமாக்ஸுக்கு முன்பே பையைத் தூக்கிவிடுவார்கள். மூன்று பீரியட் வாங்குங்கள். மிச்ச நேரம் பேசுவதற்கு. ‘என்ன நீதி கற்றீர்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் பயந்தாய்?’ என்று கேட்டுப் பாருங்கள், கடைசி வரிசையும் வாய் திறக்கும்.

உரிமை விஷயத்தில் பலருக்கும் குழப்பம். 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஜே), கல்வி நிறுவனம் தன் செயல்பாட்டின் பகுதியாகப் படம் காட்ட இடம் தருகிறது. பார்ப்பவர்கள் ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள், இவர்களாக மட்டும் இருக்க வேண்டும். ஊர்த் திடலில் திரை கட்டி எல்லோரையும் கூப்பிட்டால் இது பொருந்தாது; ஓ.டி.டி. சந்தாவும் கைகொடுக்காது. அப்படித் திடலில் போடுவதென்றால் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி ஹெச்.எம். அறைக் கோப்பில் வைத்துவிட்டு, அதன் பிறகு மைக் செட்டுக்குச் சொல்லுங்கள்.