அறுபது போக நாற்பது

எனக்கு 44 வயசு. கேரளாவுல பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து தேங்காய் லோடு ஏத்திட்டு வடக்கே போற லாரி டிரைவர். சர்க்கரை வந்தப்புறம் முன்தோல் பின்னாடி போகாம இறுகிப்போச்சு. வெடிப்பு, எரிச்சல். ஆயின்மென்ட் தடவியும் கேக்கலை. "முன்தோலை எடுத்துடலாம், சுன்னத்துதான்"னு டாக்டர் சொன்னதுமே கூட வந்த கிளீனர் பையன் காதைக் கடிச்சான்: "நல்லதுதாங்ணா, இது பண்ணிட்டா எய்ட்ஸ் வராதாம்."

சர்க்கரை இறங்கலைன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவை எச்.ஐ.வி. டெஸ்டுக்கு ஆலோசகர் அறை. தமிழ்ப் பொண்ணுதான். பையன் சொன்னதை அப்படியே கேட்டேன்.

"முழுப் பொய் இல்லீங்ணா"ன்னு ஆரம்பிச்சுது. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டாவுல எச்.ஐ.வி. இல்லாத ஆம்பளைங்களைக் குலுக்கல்ல ரெண்டாப் பிரிச்சாங்களாம். பாதிப் பேருக்கு உடனே சுன்னத், மீதிப் பேருக்குப் பின்னாடி. பொம்பளைகிட்டருந்து ஆம்பளைக்குத் தொத்துறது ஏறக்குறைய 60 சதவீதம் குறைஞ்சுது. பலன் தெளிவாத் தெரிஞ்சதால மூணு ஆராய்ச்சியையுமே முன்கூட்டி நிறுத்திட்டாங்க. முன்தோலோட உள்பக்கத்துலதான் கிருமி புகுற செல்கள் அதிகமாம். 2007ல உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைச்சது, ஆனா நோய் ரொம்பப் பரவின கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளை மனசுல வெச்சு. நம்ம நாடு அந்தப் பட்டியல்ல இல்லை.

"மிச்சம் நாற்பது?"

"அதுக்குத்தான் ஆணுறை. புருஷனுக்குக் கிருமி இருந்தா, அவருக்குச் சுன்னத் பண்ணினதால சம்சாரம் தப்பிக்க முடியாது, தெரியுங்களா?"

அப்புறம் ரோட்டுப் பழக்கம் பத்திக் கேட்டுது. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பத்து வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு தடவைன்னு வந்துருச்சு. அதுவரை யார்கிட்டயும் சொன்னதில்லை. ரிசல்ட் வர்ற வரைக்கும் வராந்தாவுல உக்காந்த நேரம் இருக்கே, ஆபரேஷனே தேவலாம். இல்லைன்னு வந்துச்சு.

ஆபரேஷன் அரை மணி நேரம். மலையாளச் சம்மதபத்திரத்தை நர்ஸ் வாசிச்சுக் காட்ட, கையெழுத்துப் போட்டேன். மரத்துப்போக ஊசி குத்துனப்ப மட்டும் உயிர் போச்சு. மொத வாரம் விடியக்காலம் தூக்கமே இல்லை, ஏன்னு ஆம்பளைங்களுக்குப் புரியும். ஆறு வாரம் சம்சாரத்துகிட்டப் போகக்கூடாது; ஆறாத புண்ணு கிருமிக்குத் திறந்த கதவாம். லுங்கியைத் தூக்கிப் பிடிச்சு நடந்ததைப் பாத்து டீக்கடையில மதம் மாறிட்டியான்னு கேலி வேற.

கிளீனர்கிட்ட 60 கணக்கைச் சொன்னேன். "அப்ப முழுசா இல்லையாங்ணா?"ன்னு மூஞ்சி சுருங்கிருச்சு. செவ்வாக்கிழமை அவனையும் அந்த அறைக்குக் கூட்டிட்டுப் போறேன். டெஸ்டுக்குக் காசில்லை, பேர் வெளிய போகாது. ஓபி சீட்டு எடுக்கவே வெக்கப்படறான்.